பத்தாவது பெயர்

போன வருஷம் ஐந்தாம் வகுப்பில் மூன்றே பேர்.
பரீட்சை அன்று தன்ராஜுக்கு அம்மை.
எங்கள் பள்ளியின் தேர்ச்சி
முப்பத்து மூன்று சதவீதம் சரிந்துவிட்டதாக
ஆனேக்கல் ஆபீஸிலிருந்து கடிதம்.
காரணம் எழுத ஒரு கட்டம் விட்டிருந்தார்கள்,
கட்டைவிரல் அகலத்துக்கு.
அம்மை என்று எழுதினேன்.
ஏற்கத்தக்க காரணங்களின் பட்டியலில்
அது இல்லையாம்.

இந்த ஜூனில் மொத்தமே ஒன்பது பேர்.
பத்து இல்லையென்றால் பூட்டிவிட்டு
மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும்
கன்னடப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள்.
சுவரிலிருக்கும் 'தமிழ் வழி'யை மறைக்க
ஒரு வாளி சுண்ணாம்பு போதும்.

வீடு வீடாக ஏறி இறங்கினேன்.
ரோஜாவுக்கு மருந்தடித்துக்கொண்டிருந்த பச்சையப்பன்
பம்பை நிறுத்தாமலே சொன்னார்:
"நீங்க நல்லாத்தான் சொல்லித்தர்றீங்க டீச்சர்.
ஆனா வேன் வாசலுக்கே வருதே."
மஞ்சள் வேன். மாதம் எண்ணூறு.
அவர் மனைவியின் காதில்
கம்மலுக்குப் பதில் துடைப்பக் குச்சி.
இலவசத்தை எப்படி விற்பது என்று
யாரும் எனக்குப் பயிற்சி தரவில்லை.
என் மகள் எங்கே படிக்கிறாள் என்று
அவர் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

ஏரிக்கு அந்தப்பக்கம் அடுக்குமாடி எழும்புகிறது.
அதன் காலடியில் தகரக் கொட்டகைகள்.
தம்பியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு
ஒரு பெண் குழந்தை நின்றிருந்தது.
நான் தமிழில் பேசினேன், கன்னடத்தில் பேசினேன்,
எனக்குத் தெரிந்த நான்கு வரி இந்தியிலும் பேசினேன்.
அந்தக் குழந்தையின் அம்மா
செங்கல்லை இறக்கிவைக்காமலே கேட்டாள்.
கூட வந்திருந்த சமையல்கார முனிரத்னா
கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளைத்து
ஒரு முட்டை செய்து காட்டினாள்.
பிறகு, வாரத்துக்கு இரண்டு.
அதோடு சேர்க்கை முடிந்தது.

பெயர்: மாமுனி நாயக்.
தாய்மொழிக் கட்டத்தில்
ஒடியாவைத் தேடித் தேடிப் பார்த்தேன்.
கடைசியில் 'மற்றவை'.

மாமுனியா, தாடி எங்கே என்றான் நிவேதன்.
ஒன்பது பேரும் சிரித்தார்கள்.
என்னவென்று புரியாமலே அவளும் சிரித்தாள்,
எல்லோரையும் விடச் சத்தமாக.

தண்ணீர் என்று சொல்லத் தெரிவதற்கு முன்பே
அவளுக்கு 'உள்ளேன்' வந்துவிட்டது.
எந்தப் பெயரைக் கூப்பிட்டாலும் உள்ளேன் என்பாள்.
கரகத்துக்குப் போய்விட்ட வெங்கடலட்சுமிக்கும் உள்ளேன்.
காய்ச்சலில் கிடக்கும் தன்ராஜின் தங்கைக்கும் உள்ளேன்.
ஒரு கணம், பொய் சொல்ல மாட்டேன்,
என் பேனா தயங்கியது.

மேஸ்திரியிடம் விசாரித்தேன்.
பதினான்கு மாடி. எட்டு முடிந்திருக்கிறது.
ஒரு தளத்துக்கு இருபது நாள்.
ஆறு இருபது நூற்றிருபது.
டிசம்பரில் கொட்டகையைப் பிரித்து
ஹொசூர்ப் பக்கம் போய்விடுவார்களாம்.
எனக்கு ஏப்ரல் வரை வேண்டும்.
அதனால் இப்போதெல்லாம் கரும்பலகைக்கு முன்னால்
ஜன்னலைத்தான் பார்க்கிறேன்.
மணல் லாரி வரவில்லையென்றால் நல்ல நாள்.
கம்பி விலை ஏறினால் இன்னும் நல்ல நாள்.
யாரோ கடன் வாங்கி முன்பணம் கட்டிய வீட்டுக்கு
இப்படி நான் தாமதம் வேண்டிக்கொள்வது
எந்தக் கணக்கில் சேரும், தெரியவில்லை.

நேற்று நல்ல மழை. கான்கிரீட் போடவில்லை.
முனிரத்னா முட்டைகளை வேகவைத்து
தட்டில் பரப்பினாள்.
மாமுனி குனிந்து எண்ணினாள்.
ஏக, துயி, தினி, சாரி,
பிறகு எங்கோ கரை மாறி
ஐந்து, ஆறு, ஏழு, ஒன்பது, பத்து,
பதினொன்று.

எட்டை விட்டுவிட்டாள்.
திருத்த வேண்டும்.
நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம்.